சனியின் வளையம் காணக் கண்ணாடி தேர்ந்த செபாஸ்தியம்மாளுக்கு

மின் அலுவலகத்தின் மேன்மையே! வருவாய்ப் பிரிவின் வாடா விளக்கே! கணக்கில் கறாரும் கனிவில் தாயுமான எங்கள் செபாஸ்தியம்மாள் அம்மா அவர்களே! வணக்கம், வணக்கம், வாய் வலிக்கும்வரை வணக்கம்!

முப்பதாண்டுகளுக்கும் மேலாகத் திண்டுக்கல் நகரின் மின்கட்டணத்தைத் திருத்தமுறப் பார்த்து, சண்டைக்கு வந்தவரையும் சிரிக்க வைத்து அனுப்பிய தங்கள் திறத்தைச் சொல்லப் புகுந்தால் இந்த ஓய்வு விழாவின் பந்தி ஆறிவிடும். ஆகவே ஒன்றே ஒன்றைச் சொல்கிறோம்!

சென்ற பொங்கல் விழாவில், "என் கையால தேய்ச்ச கண்ணாடியில சனிக்கோளோட வளையத்தப் பாக்காம நான் ரிட்டயர் ஆகமாட்டேன், பாத்துக்கங்க!" என்று சபதமிட்டீர்கள். சனி பிடிக்கக் கூடாதென்று ஊரே எள்விளக்கு ஏற்றுகையில், அந்தச் சனியைத் தேடிப் போகிறாரே என்று நாங்கள் சிரித்தோம். தொலைநோக்கியின் உயிர் அதன் அடியிலிருக்கும் குழியாடி என்பதும், அந்த ஆடிக்கு ஏற்ற கண்ணாடி கிடைப்பது பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைவிடப் பெரும்பாடு என்பதும் பிறகல்லவா விளங்கிற்று!

நம் கம்பியாளர் யோகேஷ், "சுத்தியலால அடிச்சாலும் ஒடையாதும்மா!" என்று பெருமை பொங்க, சூடேற்றிக் குளிர்வித்து உறுதியாக்கிய டஃபன்ட் கண்ணாடி வட்டம் ஒன்றைப் பரிசளித்தார். தம்பியின் மனம் நோகலாகாதென்று அதையே தேய்க்கத் தொடங்கினீர்கள். அந்தோ! சுத்தியலுக்கு அஞ்சாத அது தேய்ப்புப் பொடிக்கு அஞ்சி, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்த வேளையில், படாரென்று கல் உப்பாய்ச் சிதறியது! தங்கள் கையில் ஒரு கீறலும் இல்லை, கர்த்தருக்கு நன்றி. யோகேஷ்தான் ஒரு வாரம் தங்கள் கண்ணில் படாமல் மின்கம்பத்திலேயே குடியிருந்தார்.

தளர்ந்தீர்களா? பேகம்பூர் ஃபாரிஸ் பாயின் கண்ணாடிக் கடைக்கு மடிக்கணினியும் போலராய்டு கூலிங் கிளாசுமாகப் படையெடுத்தீர்கள்! மடிக்கணினியின் வெண்திரை கறுப்பாய்த் தெரியும்வரை கூலிங் கிளாசைத் திருப்பி, இரண்டுக்கும் இடையே ஒவ்வொரு கண்ணாடியாய்ப் பிடித்தீர்கள். ஒன்றில் வண்ணங்கள் வரிவரியாய் எழுந்தன.

"இம்புட்டு அழகா மயில் கலரு அடிக்குது, இதப் போயி வேணாங்குறீங்களேம்மா!" என்றார் பாய்.

"அழகுக்கா வாங்குறேன்? உள்ளுக்குள்ள இழுத்துப் புடிச்சுக்கிட்டு நிக்கிற கண்ணாடி பாய் இது. தேய்ச்சா போச்சு!" என்றீர்கள்.

கடையின் கண்ணாடியெல்லாம் கழிக்கப்பட்ட பிறகு, மூடிப்போன நகைக்கடையொன்றின் தடித்த அலமாரிக் கண்ணாடித் தட்டு மூலையிலிருந்து வந்தது. திரை கறுத்தது கறுத்தபடியே நின்றது, உள்ளிழுப்பு துளியும் இல்லை! கூட வந்த தட்டச்சர் பாண்டிச்செல்வியோ, "என்னம்மா, ஓரமெல்லாம் பாசி புடிச்சாப்புல பச்சையா இருக்கு, கீறல் வேற!" என்று முகம் சுளித்தார். "இருக்கட்டுமே! வெளிச்சம் இதுக்குள்ள போகப் போறதில்ல தாயி, மேல இருக்கிற வெள்ளிப் பூச்சுல பட்டுத் திரும்பிரும். கீறலு தேய்க்கையில போயிரும்" என்று சொல்லி, கடையென்றும் பாராமல் அந்தத் தட்டைக் கட்டிக்கொண்டீர்கள். பாய்க்கும் சிரிப்புத் தாங்கவில்லை.

அதன்பின் அதை வட்டமாய் வெட்டுவித்து, பீப்பாயின் மேல் வைத்து, குழி விழும்வரை சுற்றிச் சுற்றி வந்து தேய்த்தீர்கள். நேற்று வெள்ளிப் பூச்சும் முடிந்தது! இதோ, நம் அலுவலக மொட்டை மாடியில் தொலைநோக்கி நிற்கிறது. ஐப்பசி மேகமும் சற்றே விலகியிருக்கிறது. எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை!

அன்னையே! நோயின்றி, நொடியின்றி, நூறாண்டு கடந்தும் கூர்ந்த கண்ணோடும் குன்றாத குறும்போடும் வாழ்க! கட்டி அணைக்கத் தோன்றுகிறது அம்மா, போக விட மனமே இல்லை.

ஏற்புரையைச் சுருக்கிக்கொண்டு, கழுத்து மாலையோடே மாடிக்கு வாருங்கள்! விளக்கெல்லாம் அணைத்தாயிற்று. குழாயின் மூடியை ஒருவரும் திறக்கவில்லை, முதற்பார்வை தங்களுடையது. வளையம் தெரிந்தால் ஊருக்கே கேட்கக் கத்திச் சொல்லுங்கள், தங்கள் ஓய்வை ஒப்புக்கொள்கிறோம். தெரியவில்லையென்றால் சபதம் சபதம்தான்: நாளைக் காலை வழக்கம்போல வேலைக்கு வந்துவிடுங்கள்!

மாடிப்படியில் காத்திருக்கும்,
தங்கள் அலுவலகப் பிள்ளைகள்,
திண்டுக்கல்.