கறுத்த புட்டிக்கு மூன்று மதிப்பெண்

என் பெயரையும் முகவரியையும் பள்ளியின் பெயரையும் முதல் தாளில் எழுதிக் கொடுத்துள்ளேன். வயது நாற்பத்தாறு. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். யாரும் கூப்பிடாமல் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து சொல்கிறேன்.

சென்ற மாதம் மேற்படி பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு நடுவராகப் போனேன். எரிமலை மூன்று, காற்றாலை நான்கு இருந்தன. பாதிக்குமேல் அப்பாக்கள் செய்தவை என்று தெரிந்தும் பத்துக்கு எட்டு என்று வாரி வழங்கினேன். அதன் பிறகு பதினான்காவது மேசைக்கு வந்தேன். அங்கே எட்டாம் வகுப்பு மாணவி மூன்று புட்டிகள் வைத்திருந்தாள். தண்ணீரில் கழிவு கலந்திருந்தால் உள்ளே இருக்கும் மருந்துத் தாள் கறுத்துவிடும். அவள் வீட்டுத் தண்ணீர் நிறம் மாறவில்லை. பள்ளிக் குடிநீர்க் குழாயில் பிடித்த இரண்டும் மையாகக் கறுத்திருந்தன.

"அதனாலதான் சார், நான் வீட்டுலேர்ந்து தண்ணி கொண்டு வரேன்" என்றாள்.

அவளுக்குப் பின்னால் சுவரில், அந்தத் தண்ணீர் குடிக்க உகந்தது என்ற சான்றிதழ் மாட்டியிருந்தது. அதில் இருப்பது என் கையெழுத்து. முறைப்படி நானே மாடியேறித் தொட்டியில் தண்ணீர் எடுத்திருக்க வேண்டும். முட்டி வலி என்று கீழே உட்கார்ந்துகொண்டேன். பள்ளி ஊழியர் ஒருவர் அலுவலகச் சுத்திகரிப்பு இயந்திரத்தில் பிடித்துக் கொடுத்ததை, கண்ணால் பார்த்தும், வாங்கிக்கொண்டு போனேன்.

குட்டு உடைந்துவிடுமே என்று பயந்து, வாய் கூசாமல், "புட்டிய சரியா கழுவலம்மா. அது நல்ல தண்ணிதான், நானே பரிசோதிச்சிருக்கேன்" என்றேன். "கொதிக்க வச்சுதான் சார் கழுவினேன்" என்றாள் மெதுவாக. மூன்று மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தேன்.

அதன் பிறகு ஒன்பதாம் நாள், வாந்தி பேதியால் முப்பத்தொரு பிள்ளைகளை மருத்துவமனையில் சேர்த்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். அவளும் படுத்திருந்தாள். அவள் அம்மா என்னை யாரென்று தெரியாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு, "எப்பவும் வீட்டுத் தண்ணிதாங்க கொண்டு போவா. பரிசோதனை பண்றவரே நல்ல தண்ணின்னு சொல்லிட்டாராம். அன்னிலேர்ந்து பாட்டில் எடுத்துட்டுப் போகல" என்றார். அந்த நாற்காலியில் உட்கார எனக்கு வெட்கமாக இருந்தது. நேராக இங்கே வந்தேன்.

மேலே சொன்னது அனைத்தும் உண்மை. எழுத்தர் வாசித்துக் காட்டினார். அவர் வாசித்தது போதாதென்று நானும் வாங்கி, ஒவ்வொரு வரியாகப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுகிறேன்.

(கையெழுத்து)