பலகையில் தூவின மாவு

பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண்கள் இருவர் இருந்தார்கள். இளையவள், "மதினி, எனக்கு விரல் இருக்கிறதே கண்ணால பார்த்தாத்தான் தெரியுது" என்றாள். அதைக் கேட்டுத்தான் நான் காது கொடுத்தேன்.

"மறுபடியுமா? கோதும மாவு உனக்கு நரம்பக் கெடுக்குதுன்னு டாக்டர் சொன்னாருல்ல?"

"தொடவே இல்ல மதினி. ஆறு மாசமா குரக்கன் ரொட்டிதான். முந்தாநாள்லருந்து விரல் மரத்துப்போச்சு, காலும் தள்ளாடுது. மலையில எப்படி ஏறுவேன்?" குரக்கன் என்று அவள் சொன்னது கேழ்வரகை.

மதினி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழம நான்தானே உனக்கு ரொட்டி தட்டினேன். குரக்கன் பலகையில ஒட்டுச்சு புள்ள. ஒட்டாம இருக்க ஒரு பிடி கோதும மாவு தூவினேன்."

"ஐயோ மதினி!"

"ஒரு பிடிக்கே இப்படின்னா, நம்ம லயத்து வீடுகள்ல ஒருத்திக்கும் கை இருக்காதேடி!"

"சிரிக்காதீங்க. போன தடவ உணர்வு வர ரெண்டு மாசம் ஆச்சு. இந்தத் தடவ வராமலே போயிட்டா? வேலையிலருந்து நிறுத்திட்டா புள்ளைங்களுக்கு என்ன செய்வேன்?"

"வரும். கண்ண மூடு. எந்த விரலக் கிள்ளுறேன்னு சொல்லு."

அவள் கண்ணை மூடிக் காத்திருந்தாள். பஸ் இரண்டு வளைவு தாண்டியது.

"கிள்ளுங்க மதினி, ஏன் சும்மா இருக்கீங்க?"

நான் சீட்டுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். மதினியின் நகம் இளையவளின் சுண்டுவிரலில் ஆழமாகப் பதிந்திருந்தது. மதினி அதை மெல்ல எடுத்துவிட்டாள்.

"பஸ் ஆடுதுல்ல புள்ள. எறங்கினப்புறம் கிள்ளுறேன்."