நாற்பது மைலில் ஒரு நடுக்கம்

நரசிம்மன்: ஸ்டியரிங் ஆடலை, சுபஹான் பாய். ஆடுறது இந்த டிரைவரோட கை! திருக்கழுக்குன்றத்துல இருந்து உங்க பட்டறை வரைக்கும் நானே ஓட்டிட்டு வந்தேன். ஒரு நடுக்கம் இல்லை.

தர்மராஜ்: இருபது மைல்ல ஓட்டுனா கட்டவண்டி கூடத்தான் ஆடாது சார்.

நரசிம்மன்: வாயைப் பாத்தீங்களா! நாப்பதைத் தொட்டா கையைப் பிச்சுக்கிட்டுப் போற மாதிரி உதறுதாம். அம்பதைத் தாண்டினா அடங்கிடுதாம். அம்பாசிடருக்கு என்ன, முறைக்காய்ச்சலா?

சுபஹான்: கீழ பூந்து ஜாயிண்ட் எல்லாம் ஆட்டிப் பாத்துட்டேன். டைட்டாத்தான் கீது...

நரசிம்மன்: அப்புறம் என்ன? ‘குடித்துவிட்டு ஆபீஸ் வண்டியை ஓட்டுகிறான், கை நடுங்குகிறது.’ மெமோ டைப் அடிச்சு பாக்கெட்லயே வச்சிருக்கேன். மத்தியானத் தபால்ல போனா, நாளைக்கு இவனுக்கு வேலை இல்லை.

தர்மராஜ்: டீயத் தவிர ஒண்ணும் தொட்டதில்ல பாய். நீயே சொல்லு...

சுபஹான்: நான் இன்னாத்துக்கு? சக்கரமே சொல்லும். ஜாக்கி வை. முன்னால, எடது பக்கம்... ம். சார், சக்கரம் தானா நின்ன எடத்துல, அடியில சாக்பீஸ்ல கோடு போட்டுகீறேன். கையால சுத்தி வுடறேன். கோடு எங்க நிக்குது?

நரசிம்மன்: அடியில.

சுபஹான்: இப்போ?

நரசிம்மன்: அடியில. இதென்ன, திருவிழா சூதாட்டமா?

சுபஹான்: மூணாவது தபா...

தர்மராஜ்: அதே அடி!

சுபஹான்: சரியான சக்கரம் தபாவுக்கு ஒரு எடத்துல நிக்கும். இது கோடு போட்ட பக்கம் கனம். ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு உதை வுடுது.

நரசிம்மன்: அப்போ இருபதுலயும் உதைக்கணுமே? எஞ்சினீயருக்கே பாடமா?

சுபஹான்: ஊஞ்சல் தள்ளிகீறீங்களா சார்? கண்ட நேரத்துல தள்ளுனா அசையாது. அது ஆடற கணக்குக்கு ஒத்துத் தள்ளுனா உத்தரத்தத் தொடும். இந்த வண்டிக்கு அந்தக் கணக்கு நாப்பது மைல்ல ஒத்துப்போவுது. கூட்டுனாலும் கொறச்சாலும் தப்பிப்பூடும். சக்கரத்தக் கழட்டு தர்மு... ஐயே!

நரசிம்மன்: என்ன?

சுபஹான்: ரிம்முக்கு உள்பக்கம், கோட்டுக்கு நேரா, சிமெண்ட் பூசுன மாதிரி சேறு. அரைக்கிலோ தேறும்.

நரசிம்மன்: கழுவுற லட்சணம் இது! கொளவாய் ஏரியில எருமை மாதிரி எறக்கியிருக்கான்.

சுபஹான்: ஏரிச் சேத்துல கடல் சிப்பி ஏது சார்? இந்தாங்க, நாக்குல வச்சுப் பாருங்க.

நரசிம்மன்: சீ, எடுய்யா!

சுபஹான்: உப்பு. இந்தக் கருஞ்சேறு கோவளத்துல கடல்தண்ணி ஏறுற கழிலதான் கீது. ஈரமா ஒட்டிக்கினு வந்து, வண்டி நின்னப்போ அடிப்பக்கமா வழிஞ்சு எறுகிடுச்சு.

நரசிம்மன்: கோவளமா? ஆபீஸ் வண்டியில கடற்கரை சவாரியாடா? இதையும் மெமோல சேக்குறேன்!

சுபஹான்: எப்பலேர்ந்து ஆடுது தர்மு?

தர்மராஜ்: திங்கக்கெழமலேர்ந்து.

சுபஹான்: ஞாயித்துக்கெழம நீ எங்க?

தர்மராஜ்: லீவு. கூடுவாஞ்சேரில, தங்கச்சி வூட்ல. சாவி... சார் கைல.

சுபஹான்: இன்னா சார், ஞாயித்துக்கெழம வண்டி எங்க போச்சு?

நரசிம்மன்: ...மச்சினர் குடும்பம் வந்திருந்தாங்க. கடல் பாக்கணும்னாங்க. சும்மா... ஓரமா நிறுத்தினேன்.

சுபஹான்: ஓரமா! ரிம்முக்குள்ள பூந்துகீது சேறு!

நரசிம்மன்: சரிய்யா, பொதைஞ்சுடுச்சு. மீனவங்க நாலு பேர் தள்ளி விட்டாங்க. போதுமா?

சுபஹான்: சுரண்டியாச்சு. மாட்டியாச்சு. சுத்தறேன், பாருங்க... ஒரு தபா மேல, ஒரு தபா பக்கத்துல. கனம் பூடுச்சு. கை தொடைக்கக் காயிதம் வேணும் சார். அந்தப் பாக்கெட்ல இருக்கறது போதும்.

நரசிம்மன்: ...இந்தாங்க. ஏன் தர்மராஜ், நான் கோவளம் போனது உனக்கு முன்னாடியே தெரியுமா?

தர்மராஜ்: திங்கக்கெழம காலைலயே தெரியும் சார். சீட்டுக்கடியில உங்க செருப்பு, ஈர மணலோட கெடந்துது. யாரும் பாத்துடக் கூடாதுன்னு நான்தான் வண்டிய மேலால கழுவித் தொடைச்சேன். உள்பக்கம் பாக்காம வுட்டதுதான் என் தப்பு. இனிமே போனா சொல்லிட்டுப் போங்க. சேறு காயறதுக்குள்ள சக்கரத்து உள்பக்கம் கழுவிட்டா, ஸ்டியரிங் ஆடாது.