பின்பாரம்

— பாத்துண்ணா, பாத்து! பின்னாடி படகு மறுபடியும் வாலை ஆட்டுது.

— நான் என்ன தூங்கிட்டா ஓட்டறேன்? கண்ணாடியில தெரியுது. மெதுவாப் போனா சும்மா வருது, நாப்பதைத் தாண்டினா ஆட ஆரம்பிச்சுடுது. இருபது வருஷமா லாரி ஓட்டறேன் பாப்பா, இப்படி ஒரு சனியனை இழுத்ததில்ல.

— காத்தா இருக்கும். காலையிலேர்ந்து புயல் காத்துதானே?

— காத்துன்னா ஒரு பக்கமாத் தள்ளும். இது வாலுல பாரம். டிரெயிலர்ல பாரம் முன்னாடி இருக்கணும். பின்னாடி போச்சுன்னா இழுக்கற வண்டியையும் சேத்து ஆட்டும். இதை எனக்குச் சொல்லிக் குடுத்ததே அந்தப் பெரிய மனுஷன்தான்.

— அந்தப் பெரிய மனுஷனை அப்பான்னு கூப்பிட்டா வாய் சுட்டுடாது.

— ஆரம்பிச்சுட்டியா?

— நான் ஒண்ணும் ஆரம்பிக்கல. நாம வர்றதுக்குள்ள அவரே எல்லாத்தையும் பண்ணி வச்சிருந்தாரேன்னு சொல்றேன். பட்டறை ஆளுங்க ரெண்டு பேரைப் பிடிச்சுப் பாய்மரத்தை இறக்கி, படகு மேலயே படுக்க வச்சு, தார்ப்பாய் போட்டு, முனையில சிவப்புத் துணி கூடக் கட்டிட்டாரு. நீ கொக்கியை மாட்டின, அவ்வளவுதான்.

— அதான் எனக்கு இடிக்குது. உள்ள ஒரு தண்ணி பாட்டில் இடம் மாறியிருந்தாலே வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கற ஆளு. அவர் ஏத்தின பாரம் எப்படி வாலுக்குப் போகும்?

— எழுபத்தி நாலு வயசு அவருக்கு. உன் கண்ணுக்கு இன்னும் நாப்பதுதான்.

— சரி சரி. ஃபோனைப் போடு. வீட்டை விட்டுக் கிளம்பிட்டாரான்னு கேளு.

— நீயே கேளேன்.

— நான் ஓட்டறேன்ல?

— ஸ்பீக்கர்ல போடறேன், பேசு. மூணு வருஷமா உங்க ரெண்டு பேருக்கும் நான்தான் தபால்காரி. 'அவர்கிட்ட சொல்லு', 'அவன்கிட்ட சொல்லு'. கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப்போச்சு.

— கேளு பாப்பா, விளையாடாத. மூணு மணிக்குப் பாலத்தை மூடறாங்க. ரேடியோவுல ரெண்டு தடவை சொல்லிட்டான். மூடினப்புறம் யாரும் இந்தப் பக்கம் வரவும் முடியாது, நாம திரும்பிப் போய்க் கூட்டிட்டு வரவும் முடியாது.

— அடிக்குது... ம்ஹும், எடுக்கல.

— மறுபடியும் போடு.

— வண்டி ஓட்டிட்டிருப்பாரு. ஓட்டும்போது ஃபோனைத் தொட மாட்டாரு, உனக்குத் தெரியாதா? ஆனா அந்தக் கார் ஓடுமான்னுதான் எனக்குப் பயம். எப்ப எடுத்தாலும் இருமிட்டு நின்னுடுமே.

— அதெல்லாம் ஓடும்.

— எப்படி அவ்வளவு நிச்சயமா சொல்ற?

— புது பேட்டரி மாட்டியிருக்கேன்.

— நீயா? எப்போ?

— போன மாசம். மத்தியானம் அவர் தூங்கறப்ப வந்து மாட்டிட்டு, சத்தம் போடாமப் போயிட்டேன். தேதி எழுதி, பிடியில சிவப்பு டேப்பு சுத்தியிருக்கேன். எங்க லாரி பேட்டரிக்கெல்லாம் அப்படித்தான் பண்ணுவேன்.

— அடப்பாவி! திருடன் மாதிரி வந்து மாட்டிட்டுப் போனியா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த மனுஷன் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாரு!

— எனக்கு ஒண்ணும் அவர் சந்தோஷம் வேணாம்.

— இங்க பாருண்ணா. இன்னிக்கு நான் கேட்டுடறேன். இந்த வண்டியில மூணு பேர் உக்காரலாமா, முடியாதா?

— உக்காரலாம்.

— அப்போ அவர் எதுக்குத் தனியாக் கார்ல வரணும்?

— அவர்தானே சொன்னாரு? 'படகு போகட்டும், அது போனப்புறம்தான் நான் நகருவேன், பின்னாடியே கார்ல வர்றேன்'னு.

— நீ முகத்தைத் தூக்கி வச்சுட்டு நின்ன. அவர் இந்தக் கதவுகிட்ட வந்து நின்னாரு, நீ பாத்தியா? கையில தொப்பியை வச்சுட்டு நின்னாரு. 'வாங்க, ஏறுங்க'ன்னு உன் வாயிலேர்ந்து வருமான்னு பாத்துட்டு, அப்புறம்தான் கார்ல வர்றேன்னாரு.

— நீ கூப்பிட்டிருக்கலாமே?

— கூப்பிட்டேன். என்னைப் பாக்கல. உன்னையே பாத்துட்டிருந்தாரு. நீ வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?

— என்ன பேசச் சொல்ற? போன புயல்ல இதே படகுக்குக் கயிறு கட்டத்தானே போனாரு? 'அரை மணி நேரம், இறுக்கிட்டு வந்துடறேன்'னாரு. அம்மா தனியா இருந்தா. பின் சுவர் விழுந்தப்ப கூப்பிட ஒரு ஆள் இல்ல. படகுல ஒரு கீறல் விழல பாப்பா. ஒரு கீறல்! அம்மாவைத் தூக்கிட்டுப் போறப்ப அது தண்ணியில ஜம்முனு மிதந்துட்டிருந்துச்சு.

— எனக்கு மட்டும் அவ அம்மா இல்லியா?

— நான் அப்படிச் சொல்லல.

— நீ அன்னிக்கு என்ன சொன்னன்னு எனக்கு ஞாபகம் இருக்கு. வீடு நிறைய ஆளுங்க இருக்கறப்ப, 'உங்களுக்கு அந்தப் படகுதான் பொண்டாட்டி, போய் அதைக் கட்டிக்கிட்டு அழுங்க'ன்ன. அதுக்கப்புறம் அவர் ஒரு நாள் படகுல பாய் விரிச்சாரா? அந்தப் பாய் அம்மா தச்சது. அதைத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு மடிச்சு வச்சுடுவாரு. அதுக்குத்தான் அவர் படகைக் காப்பாத்தச் சொல்றாரு, உனக்குப் புரியல.

— புரியுது. அதனாலதானே இழுத்துட்டு வர்றேன். புரியலேன்னா வந்திருப்பேனா?

— நிறுத்து, நிறுத்து! இந்தத் தடவை ரொம்ப ஆடிடுச்சு. எதிர்ல பஸ் வந்திருந்தா நம்ம கதை முடிஞ்சிருக்கும்.

— பெட்ரோல் பங்க் ஒண்ணு வருது. உள்ள விட்டுடறேன். பாரத்தை முன்னாடி தள்ளாம இனி ஒரு அடி நகர மாட்டேன். மணி என்ன?

— மூணு அஞ்சு.

— பாலம் மூடியாச்சு.

— அண்ணா, ஃபோன்! அப்பாதான்! அப்பா, எங்க இருக்கீங்க?

— வந்துட்டேன் கண்ணு. பாலத்தைத் தாண்டி ஓரமா நிறுத்தியிருக்கேன்.

— அப்பாடா! உயிரே வந்துச்சு. ஏன்பா எடுக்கல? இங்க இவன் பச்சைத் தண்ணி குடிக்காம ஓட்டிட்டு வர்றான்.

— ஓட்டறப்ப ஃபோன் எதுக்கு? படகு எப்படி வருது?

— வாலாட்டிக்கிட்டு வருதுப்பா.

— அடடா. என் தப்புதான். முன்னாடி வரைக்கும் தவழ்ந்து போக முழங்கால் விடல. எல்லாத்தையும் ஏணிகிட்டயே பின்னாடி வச்சுட்டேன். மெதுவாப் போகச் சொல்லு. எதையும் கிளற வேணாம், ஆச்சா?

— உங்க காருக்குள்ள மழைச் சத்தமே கேக்கலியே? இங்க கொட்டுது.

— கண்ணாடியை ஏத்தி விட்டிருக்கேன் கண்ணு. பெரியவன் பக்கத்துல இருக்கானா?

— இருக்கான். இந்தாண்ணா. இன்னிக்காவது வாங்கு.

— ...அப்பா.

— பெரியவனே. சக்கரத்தைத் தொட்டுப் பாத்தியா? சூடேறியிருக்கா?

— இப்பதான் நிறுத்தினேன். பாக்கறேன். கார் தொந்தரவு பண்ணலியே?

— ஒரே திருகுல எடுத்துச்சுடா. நீ மாட்டின பேட்டரி ஆச்சே.

— உங்களுக்கு... தெரியுமா?

— டேப்பு சுத்தின அழகைப் பாத்தாலே எந்தக் கைன்னு தெரியாதா? சின்ன வயசுல பட்டம் வாலுக்கும் இப்படித்தான் சுத்துவ, மூணு சுத்து அதிகமா.

— அப்பா, நான் உங்களை வண்டியில ஏறச் சொல்லியிருக்கணும். முன் சீட்டு காலியாத்தான் இருந்துச்சு.

— அதுக்கென்ன இப்போ? தங்கச்சியைப் பத்திரமாப் பாத்துக்கோ. படகை மேட்டுல நிறுத்து. பாயை மட்டும் நனைய விடாத, புரியுதா?

— நீங்க வர்ற வரைக்கும் இங்கயே நிக்கறோம். சேந்தே போகலாம்.

— நிக்காதீங்க. நான் மெதுவாத்தான் வருவேன். வைக்கட்டுமா?

— அப்பா... அன்னிக்கு நான் பேசினது...

— மறந்தாச்சுடா. வச்சுடறேன்.

— அண்ணா, அழறியா?

— மழை பாப்பா. மழைத்தண்ணி. போ, ஏணியில ஏறி உள்ள என்னதான் இருக்குன்னு பாரு. நான் சக்கரத்தைப் பாக்கறேன்.

— கிளற வேணாம்னாரே?

— அவர் அப்படித்தான் சொல்லுவாரு. அவர் வர்றதுக்குள்ள நாமளே சரி பண்ணி வச்சுடுவோம். பாத்தா அசந்துடுவாரு.

— என்னடா இது திடீர் பாசம்! சரி, டார்ச்சைக் குடு... ஐயையோ, அண்ணா, இங்க வீடே இருக்கு!

— என்ன இருக்கு?

— அம்மாவோட தையல் மிஷின். கம்பளியில சுத்தி, நாலு பக்கமும் கட்டி வச்சிருக்காரு. ஆல்பம் எல்லாம் பிளாஸ்டிக் பையில. உன் ஸ்கூல் சர்ட்டிஃபிகேட்டு, என்னோடது, வீட்டுப் பத்திரம். அவரோட டூல்ஸ் பெட்டி, இது ஒண்ணே ஒரு ஆள் கனம்.

— அவர் துணிமணி?

— இல்ல. அவரோடது எதுவும் இல்ல. கார்ல வச்சிருப்பாரு.

— ம். மிஷினை முதல்ல முன்னாடி தள்ளு. இரு, படகோட பக்கவாட்டு ஓட்டையிலேர்ந்து தண்ணி பீச்சி அடிக்குதே, என்ன இது?

— பம்புண்ணா. தார்ப்பாய் ஓரத்துல மழை இறங்கியிருக்கு. தண்ணி ஏறினா தானா ஓடற பம்புதானே?

— அது எப்படி ஓடும்? படகு பேட்டரி செத்து ரெண்டு வருஷமாச்சு. காலையில கூட வாசப்படியில கிடந்துச்சு, கால்ல இடிச்சுக்கிட்டேன்.

— புதுசு வாங்கியிருப்பாரு.

— கடையெல்லாம் மூடி மூணு நாளாச்சு. எங்க வாங்குவாரு? பலகையைத் தூக்கிப் பாரு.

— இரு, திருகு இறுகியிருக்கு... வந்துடுச்சு.

— என்ன பேட்டரி?

— இரு, டார்ச்சை அடிக்கறேன்... மேல தேதி எழுதியிருக்கு, போன மாசம்.

— பாப்பா? மழையில கேக்கல, சத்தமா சொல்லு!

— அண்ணா... பிடியில சிவப்பு டேப்பு சுத்தியிருக்கு. மூணு சுத்து அதிகமா.