பேச்சியம்மாவின்ர சட்டிக்குள்ள மைனா

இல்லை சேர், உதில நான் கையெழுத்து வைக்கமாட்டன். எழுதினது வடிவாத்தான் இருக்கு. ஆனா நான் சொன்னது ஒண்டும் உதில இல்லையே. பக்கத்து வளவுப் பேச்சியம்மா வலை கட்டிக் குருவி பிடிச்சுச் சமைக்கிறதை என்ர கண்ணால கண்டனான் எண்டு நான் எப்ப சொன்னனான்? அது அவவின்ர மற்றப் பக்கத்து வேலிக்காரர் அம்புறோஸ் மாமா சொன்னது. அவரிட்டையே வாங்குங்கோ கையெழுத்தை. பேனையைப் பொக்கற்றில குத்திக்கொண்டு திரியிற ஆள், சந்தோசமா வைப்பார்.

ஐயோ, அந்தக் கதிரையில இருக்காதேங்கோ. அதுக்கு மூண்டு கால்தான் நம்பிக்கை. இந்தப் பெட்டியில இருங்கோ. கருவாட்டு மணம் கொஞ்சம் அடிக்கும். மணக்காத மாதிரி முகத்தை வைச்சுக்கொண்டு ஏன் சேர் கஷ்டப்படுறியள்? லேஞ்சியை எடுத்து மூக்கைப் பொத்துங்கோ, நாங்கள் ஒண்டும் நினைக்கமாட்டம்.

ஓம், பிரேமிளா. அருளப்பன்ர மகள். இந்தக் கருவாட்டு வாடி அப்பாவின்ரதான். பதினேழு. பள்ளிக்கூடமோ? அது என்னை விட்டுட்டுது, நானும் அதை விட்டுட்டன். ஓ.எல்.ல கணக்குக்கு டபிள்யூ, பெயில். சிரிக்காதேங்கோ. கணக்கில டபிள்யூ எடுத்தவள் எண்ணினதை நம்பித்தானே நீங்கள் வனசீவராசிக் கந்தோரில இருந்து வாகனம் போட்டு வந்திருக்கிறியள்? அம்புறோஸ் மாமா எழுதிப்போட்ட பெட்டிசத்தோட ஒட்டியிருக்கிற போட்டோக்கொப்பி என்ர கொப்பியின்ர. பாத்திட்டுத் தாறன் எண்டு அவர்தான் வாங்கிக்கொண்டு போனவர். உப்பிடிப் போய் நிக்கும் எண்டு தெரிஞ்சிருந்தா அடுப்பில போட்டிருப்பன்.

ஏன் எண்ணினனான் எண்டோ? விசருக்கு. இந்த வாடியில எனக்குத் தந்த வேலை காகம் கலைக்கிறது. விடிய மீனைப் பரப்பினா, மத்தியானம் மட்டும் கையில ஒரு தடியோட குந்தியிருக்கவேணும். எவ்வளவு நேரம் எண்டு கடலைப் பாக்கிறது? அதுதான் வாற குருவிகளை எண்ணிக் கொப்பியில போட்டனான். தை மாசத்துப் பக்கத்தைப் பாருங்கோ. சிட்டு அறுபத்திரண்டு. மைனா இருபத்தொண்டு. புலுனி பதினாலு. காகம் எண்ணி முடியாது எண்டு எழுதியிருக்கிறன். இப்ப ஆவணி மாசத்துக்கு வாங்கோ. சிட்டு அஞ்சு, மைனா மூண்டு, புலுனி ஒண்டுமில்லை. காகம் எண்ணி முடிஞ்சுது. நாலு.

இவ்வளவையும் பேச்சியம்மாக்கா திண்டு முடிச்சிட்டா எண்டு பெட்டிசம் சொல்லுது, என்ன? அவவைப் பாத்தனீங்கள்தானே. அவ்வளவு இறைச்சி திண்ட ஆளின்ர உடம்போ அது? காத்தடிச்சா வேலியைப் பிடிச்சுக்கொண்டு நிப்பா. சரி, மைனாவை விடுவம். காகத்தையும் திண்டவவோ? ஆர் சேர் காகம் தின்னுறது? அம்புறோஸ் மாமாவிட்ட நான் கேட்டனான். மலைநாட்டாக்கள் எதையும் தின்னுவினம், உனக்குத் தெரியாது பிள்ளை எண்டார். அவர் மலையைக் கண்டது கலண்டரில.

இன்னொண்டு. அவ இஞ்ச வந்து குடியேறினது போன கார்த்திகை. தையில அறுபத்திரண்டு சிட்டு நிக்குது. அப்ப மார்கழியும் தையும் விரதமோ? இந்தக் கணக்குக்கு எனக்கு டபிள்யூ வராது.

சட்டியோ? ஓம், சட்டியை நானும் கண்டனான். ஒளிக்க ஒண்டுமில்லை. சட்டிக்குள்ள மைனா, ஆறு. செத்தது. அதை வேலிக்கு மேலால எட்டிப் பாத்துப்போட்டு ஓடின மனுசன், சமைச்சு முடிஞ்சு உப்புப் பாத்தவர் மாதிரியெல்லே ஊர் முழுக்கச் சொன்னவர். ஒரு நிமிசம் பொறுத்திருந்தா, அவ அதைக் கொண்டுபோய்ப் பனையடியில கிடங்கு வெட்டித் தாட்டதையும் கண்டிருப்பார். பொறுக்கமாட்டார். சேர் வாங்கோ, கிண்டிக் காட்டுறன். ஆறில்லை, அறுபது இருக்கும். ஒரு எலும்பிலயாவது பல்லு பட்ட அடையாளம் இருந்தா இந்தத் தாளில ரெண்டு கையாலயும் கையெழுத்து வைக்கிறன்.

அந்த வலை கீரைப் பாத்திக்குப் போட்டது. அப்பா எறிஞ்ச பழைய வலை. அதுவும் ஆரின்ர கோழிக்காக? அம்புறோஸ் மாமாவின்ர கோழிக்காக. அதில இருக்கிற ஓட்டைக்குள்ளால திருக்கையே நீந்திப் போகும். அதில சிட்டுப் பிடிக்கிறதாம்!

விசயம் உங்களுக்கு விளங்கேல்லையோ, இல்லாட்டி விளங்காத மாதிரி இருக்கிறியளோ தெரியாது. பேச்சியம்மாக்காவின்ர காணிக்கு இன்னும் பத்திரம் வரேல்லை. உங்கட கந்தோரில ஒரு வழக்கு விழுந்தா, விதானையார் காணி லிஸ்டில இருந்து அவவின்ர பேரை வெட்டிப்போடுவார். அம்புறோஸ் மாமாவின்ர வேலி ஏற்கெனவே ரெண்டடி அங்கால நடந்திட்டுது. மிச்சத்தை நடக்க உங்கட கடிதம் காணும். உந்தத் தாளில என்ர கையெழுத்து விழுந்தா, அந்த மனுசி சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் ரோட்டுக்குப் போகவேணும். மூண்டாம் தரம் சேர், முந்தி ரெண்டு இடத்தில இருந்தும் எழுப்பிவிட்டவை.

எனக்கு அவவில அப்பிடியென்ன பாசம் எண்டு பாக்கிறியள். பாசம் ஒரு மண்ணுமில்லை. நான் இந்தியாவில, மண்டபம் அகதிமுகாமில பிறந்தவள். இஞ்ச வந்து மூண்டு வருசம். வந்த புதுசில வாங்க போங்க எண்டு கதைச்சதுக்குப் பள்ளிக்கூடத்தில இந்தியாக்காரி எண்டு பட்டம் வைச்சவை. நான் கெட்டிக்காரி, ஆறு மாசத்தில வாங்கோ போங்கோவுக்கு மாறிட்டன். அவ மாறேல்லை. இன்னும் இல்லீங்க, சரீங்க எண்டுதான் நிக்கிறா. அவ செய்த பிழை அவ்வளவுதான்.

அப்ப ஏன் அவ வாய் திறக்கேல்லை எண்டோ? நேற்று நீங்கள் கேக்கேக்க நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டவ. நீங்களும் பதில் இல்லை, ஒப்புக்கொண்ட மாதிரி எண்டு எழுதிட்டியள். நல்லாயிருக்கு உங்கட விசாரணை. அவவுக்கு இருக்கிற ஒரே கூலிவேலை இந்த வாடியில மீன் கழுவுறது. வாய் திறந்தா அது போயிடும்.

ஏன் போகும்? அதுக்குத்தானே வாறன்.

சேர், நீங்கள் வந்து அரை மணித்தியாலம் இருக்கும். இதுக்குள்ள ஒரு ஈ கலைச்சியளோ? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. இல்லை என்ன? வரேக்க நீங்களே சொன்னியள், இப்பிடித் துப்புரவான வாடியைக் கண்டதில்லை எண்டு. அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துபோச்சு. மற்ற வாடிகளில வாயைத் திறந்து பேர் சொல்லேலாது, ஈ உள்ள போயிடும். இஞ்ச மட்டும் ஈக்கு என்ன வருத்தம் எண்டு உங்களுக்குக் கேக்கத் தோணேல்லை. குருவி குறைஞ்சதுக்கு போன் கோபுரமோ, பூனையோ, வெக்கையோ எண்டு எவ்வளவு கேள்வி கேட்டியள். ஈயைப் பற்றி ஒரு கேள்வியில்லை.

சித்திரையில அடுத்தடுத்து மழை பெய்தது. மீன் காயேல்லை. புழு வைச்சுது. ஒரு படங்கு நெத்தலியை அப்படியே கடலில கொட்டினது. அண்டைக்கு அப்பா படங்கைக் கழுவிக்கொண்டு அழுதவர், ஆக்களுக்கு முன்னால. அடுத்த கிழமை கட்டுக்கரைக்குளத்து வயல் பக்கம் போய் ஒரு போத்தல் கொண்டுவந்தவர். வயலுக்கு அடிக்கிற மருந்து. ஒரு வாளி தண்ணிக்கு ஒரு மூடி. மீனைப் பரப்பின உடனை ஒருக்கா அடிச்சா ஈ கிட்டவும் வராது. வாற ஈ விழும். விழுந்த ஈயை ஆர் பொறுக்குவினம்? சிட்டும் மைனாவும். மீனைக் கொத்திறது ஆர்? காகம். கொப்பியில சிட்டைப் பாருங்கோ, சித்திரை மட்டும் அறுபத்திரண்டு, பிறகு நாப்பது, இருபத்தேழு. கொப்பி பொய் சொல்லேல்லை. நான்தான் ஏன் எண்டு எழுதேல்லை.

தின்னுற சனமோ? பரவாயில்லை, அந்தக் கேள்வி உங்களுக்கு வந்திட்டுது. நாங்கள் தின்னுறது இதில்லை சேர். குசினிக்குப் பின்னால ஒரு தட்டி இருக்கு, அதில எங்களுக்கெண்டு தனியக் காயுது. அதுக்கு அடிக்கிறேல்லை. அதுக்கு ஈ மொய்க்கும். அதைத்தான் நாங்கள் பொரிச்சு ருசியாத் தின்னுறது. மற்றதெல்லாம் லொறியில போகுது. எங்க போகுதெண்டு நான் கேக்கிறேல்லை.

பேச்சியம்மாக்காவுக்கு முதல்லயே தெரியும். ஒருநாள் என்னைத் தனியக் கூப்பிட்டு, பாப்பா இந்த மருந்து வேணாங்க, அப்பாகிட்ட சொல்லுங்க எண்டவ. நான் என்ன சொன்னனான் தெரியுமோ? உங்கட வேலையைப் பாருங்கோ எண்டனான். அவ தன்ர வேலையைப் பாத்தா. பொறுக்கினா, சட்டியில போட்டா, தாட்டா. அதுக்குத்தான் இந்தப் பெட்டிசம்.

ஆர் அடிக்கிறதோ? பொறுங்கோ, முதல்ல பேச்சியம்மாக்காவின்ர பேரை வெட்டுங்கோ. நல்லா வெட்டுங்கோ, வாசிக்கேலாத மாதிரி.

குனியாதேங்கோ சேர். தொடாதேங்கோ அதை. உங்கட சப்பாத்தடியில வந்து நிக்குது எண்டு ஆசைப்படாதேங்கோ, அது ஆளுக்குப் பயமில்லாத மைனா இல்லை. அதுக்குப் பறக்கேலாது. தண்ணி வைச்சும் பிரயோசனமில்லை, நான் வைச்சுப் பாத்தனான். கொஞ்ச நேரம் இப்பிடியே செட்டையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிக்கும். பிறகு ஒரு பக்கம் சரியும். எவ்வளவு நேரம் எடுக்கும் எண்டது எனக்குப் பாடம்.

ஆர் அடிக்கிறது எண்டுதானே கேட்டனீங்கள்? கலக்கிறது அப்பா. அடிக்கிறது நான். ஒவ்வொரு நாளும் விடிய ஆறு மணிக்கு. அடிச்சுப்போட்டு, சவுக்காரம் போட்டுக் கையைக் கழுவிப்போட்டுத்தான் கொப்பியைத் தூக்கிக்கொண்டு எண்ண இருக்கிறனான். இண்டைக்கும் அடிச்சனான், நீங்கள் வாறதுக்கு முதல்.

கெதியா எழுதுங்கோ சேர், அப்பா வாறார். அவர் வந்திட்டா நான் இதொண்டும் சொல்லமாட்டன்.