கொக்கியில் தொங்கிய ஹீட்டர் வயர்

பெயர்: ஒதீல் லாவல்லே. வயது: 81. காலஞ்சென்ற அனாதோல் லாவல்லேயின் மனைவி. முகவரி: 14, தேவாலயத் தெரு, சேந்த்-உர்சூல், மனிட்டோபா. தொழில்: ஓய்வுபெற்ற நகராட்சி எழுத்தர். 2019 பிப்ரவரி 27, புதன்கிழமை, காலை 10.15 மணிக்கு, சேந்த்-உர்சூல் காவல் நிலையத்தில் கான்ஸ்டபிள் மாலனிக் முன்னிலையில் கொடுத்த வாக்குமூலம்.

நான் மேற்படி முகவரியில் தனியாக வசித்து வருகிறேன். யாரும் சொல்லி இங்கே வரவில்லை. சென்ற ஜனவரி 22ஆம் தேதி இதே மேசையில் நான் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு பொய் இருக்கிறது. பக்கத்து வீட்டு டேரில் ஃப்ரீசனின் நாயை விஷம் வைத்துக் கொன்றதாக மெக்கானிக் ஒவீலா கார்பே மீது வழக்கு நடக்கிறது. மார்ச் 11ஆம் தேதி விசாரணை. அந்தப் பொய்தான் வழக்குக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது என்று இப்போது எனக்குத் தெரிகிறது. ஆகவே நடந்ததை முதலிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

என் கார் 1994ஆம் வருடத்தது. என் கணவர் புதிதாக வாங்கினார். அவர் சென்ற ஜூன் 11ஆம் தேதி காலமானார். எங்களுக்குக் கார் கொட்டகை கிடையாது. கார் வீட்டுக்கும் ஃப்ரீசனின் கம்பிவலை வேலிக்கும் நடுவே திறந்தவெளியில் நிற்கும். நவம்பர் கடைசியில் ஒரு நாள் என்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஏறியது. மூடியைத் திறந்து பார்த்ததில், என்ஜினைக் குளிர்விக்கும் பச்சைத் திரவமான கூலன்ட் குறியீட்டுக்குக் கீழே இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. ஊற்றி நிரப்பினேன். ஒரு வாரத்தில் மறுபடி இறங்கியது. தரையில் ஒரு சொட்டுக்கூட நான் காணவில்லை. அன்று முதல் தேதி, குளிர், அளவு மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வந்தேன். அந்த நோட்டை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

அதன்பிறகு டிசம்பர் 4ஆம் தேதி காரை ஒவீலா கார்பேயின் பட்டறையில் விட்டேன். அவர் புகைக்குழாயில் வெள்ளைப் புகை வருகிறதா என்று பார்த்தார், வரவில்லை. ஆயில் பால்போலக் கலங்கியிருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. உள்ளே காலடி விரிப்பைத் தூக்கிக் கையால் தடவி முகர்ந்து பார்த்தார், ஈரமும் இல்லை, வாடையும் இல்லை. பிறகு ரேடியேட்டரில் பம்பு வைத்து அழுத்தம் ஏற்றி இரண்டு மணி நேரம் விட்டார். பட்டறையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, நான் கோட்டைக் கழற்றிவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். அளவி முள் அசையவில்லை.

அவர் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்துகொண்டு, “மதாம் லாவல்லே, உங்க காரு குடிக்கறதையும் குடிச்சுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி வாயைத் துடைச்சுக்குது. இது பக்கா திருட்டுக் குடிகாரன்” என்றார். என் கணவரின் காரைப் பற்றி அப்படிப் பேச வேண்டாம் என்றேன். “சரி சரி, கோவிச்சுக்காதீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். தினமும் வயரைச் செருகித்தானே வைக்கறீங்க?” என்றார்.

அவர் கேட்டது என்ஜின் ஹீட்டரின் வயரை. இந்த ஊரில் குளிர்காலத்தில், என்ஜின் உறையாமல் இருக்க, இரவில் காரை மின்சாரத்தில் செருகி வைக்காதவர் யாரும் கிடையாது. நான், “என்னை என்னன்னு நினைச்சே?” என்று மட்டும் சொன்னேன். அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். அப்படி எடுத்துக்கொள்ளத்தான் சொன்னேன். இரவெல்லாம் சூடாக இருக்கும் என்ஜின் என்றால் குளிரில் கசிகிறது என்ற சந்தேகத்துக்கு இடமில்லை என்று சொல்லி, பில்லில் “கசிவு இல்லை” என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

நான் வயரைச் செருகவில்லை. குளிர்காலம் தொடங்கியதிலிருந்து ஒருநாளும் செருகவில்லை. அந்த வயர் என் பின்வாசல் அறையின் உட்சுவரில் ஒரு கொக்கியில் தொங்குகிறது. ஏப்ரலில் பனி உருகியதும் என் கணவர் அதைத் துடைத்து, முழங்கைக்கும் உள்ளங்கைக்குமாகச் சுற்றி, முனையைச் சுருளுக்குள் இரண்டு தடவை நுழைத்து இறுக்கி மாட்டுவார். சென்ற ஏப்ரலிலும் அப்படியே மாட்டினார். நான் அதை அவிழ்க்கவில்லை. கான்ஸ்டபிள் மாலனிக் இந்த இடத்தில் பேனாவை நிறுத்தி, இது வழக்குக்குத் தேவையா என்று கேட்டார். எழுதும்படி சொன்னேன்.

அதன்பிறகு ஜனவரி 16ஆம் தேதி காலை 6.40 மணிக்குச் சமையலறை ஜன்னல் வழியாக, ஒவீலா கார்பே என் காரின் முன்புறம் வேலியோரமாகக் குந்தியிருப்பதைக் கண்டேன். கையில் டார்ச்சும் ஒரு பச்சைக் கேனும் இருந்தன. நான் அப்போது இரவு உடையில், தலை வாராமல் இருந்தேன். ஆகவே கதவைத் திறக்காமல் திரையை இழுத்துவிட்டேன். சிறிது நேரத்தில் அவருடைய வண்டி கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. அன்று மதியம் இரண்டு முறை தொலைபேசியில் அழைத்தார். சொல்லாமல் வந்து என் காரைச் சோதித்தவரிடம் பேச விருப்பமில்லாததால் நான் எடுக்கவில்லை.

அதன்பிறகு ஜனவரி 18ஆம் தேதி மாலை டேரில் ஃப்ரீசன் என் வீட்டுக்கு வந்தார். அவர் தனியாள். ஜூனோ என்ற அந்த நாய் ஒன்பது வருடமாக அவரிடம் இருந்தது. அவர் கையில் அதன் கழுத்துப்பட்டை இருந்தது. “மதாம், என் ஜூனோவை எவனோ கொன்னுட்டான். கூலன்ட்டாம். இனிப்பா இருக்குமாம், நாய் நக்கிடுமாம். டாக்டர் சொல்றாரு. இது அந்த ஒவீலா பய வேலைதான். கடையில வெச்சு எல்லார் முன்னாலயும் சொன்னானே, ‘உன் நாய் வாயை ஒருநாள் நானே வந்து மூடறேன்டா’ன்னு” என்றார். ஒவீலா கார்பே அப்படிச் சொன்னது உண்மை. அவருடைய இழுவை வண்டியைக் கண்டால் அந்த நாய் தெரு முடியும்வரை குரைக்கும். நான் ஃப்ரீசனிடம், புதன்கிழமை காலை ஒவீலாவைப் பச்சைக் கேனோடு வேலியோரம் கண்டதைச் சொன்னேன்.

அதன்பிறகு ஜனவரி 22ஆம் தேதி என்னை விசாரித்தீர்கள். ஜனவரி 16ஆம் தேதி காலை சந்தேகம் தீராமல் குளிரில் என் காரைச் சோதிக்க வந்ததாகவும், கேனில் இருந்தது குறைந்ததை நிரப்பக் கொண்டுவந்த கூலன்ட் என்றும், காருக்கு அடியில் கூலன்ட் சொட்டியிருந்ததைக் கண்டதாகவும், கார் செருகப்படாமல் இருந்ததாகவும், அதைச் சொல்லத்தான் தொலைபேசியில் அழைத்ததாகவும் ஒவீலா கார்பே கூறியிருப்பதாகச் சொல்லி, அது உண்மையா என்று கேட்டீர்கள். நான், என் கணவரின் கார் ஒரு சொட்டும் சிந்தாது, ஒவீலாவே எழுதிக்கொடுத்த பில் இதோ இருக்கிறது, இரவுதோறும் வயரைச் செருகித்தான் வைக்கிறேன் என்று சொன்னேன். கடைசியில் சொன்னது பொய். ஒரு வயருக்கும் நாய்க்கும் என்ன சம்பந்தம், அது என் வீட்டு விஷயம் என்று நினைத்தேன். அன்று மதியம் நீங்கள் வந்து காருக்கு அடியில் பார்த்தபோது கார் அப்போதுதான் ஓடி வந்து சூடாக இருந்தது. கீழே சுத்தமாக இருந்தது.

அதன்பிறகு பிப்ரவரி 19ஆம் தேதி குருவானவருக்குக் காய்ச்சல் என்று காலைப் பூசை நடக்கவில்லை. வழக்கமாக நான் ஏழு மணிப் பூசைக்குப் போவதற்காக, 6.45க்குக் காரைப் பின்னால் எடுத்து நிறுத்தி ஓடவிட்டு, அது நின்ற இடத்தின் பனியை வாரிச் சுத்தம் செய்துவிட்டுத்தான் கிளம்புவேன். வாசலை அழுக்காக விட்டுக் கோயிலுக்குப் போகக்கூடாது என்று கன்னியாஸ்திரிகளிடம் படித்த பழக்கம். விடியுமுன் வாருவதற்கு இன்னொரு காரணம், எண்பத்தொரு வயதில் மூச்சு வாங்குவதைத் தெரு பார்க்க வேண்டாம் என்பது. அன்று மட்டும் ஒன்பதரை மணிக்குக் கடைக்குப் போகக் காரை எடுத்தேன். நல்ல வெயில். கார் நின்ற இடத்தில் சாசர் அளவுக்குப் பச்சை நிறம் இருந்தது.

தெருவிளக்கு மஞ்சள். அந்த வெளிச்சத்தில் பச்சை, சேற்றுப் பனியின் சாம்பல் நிறமாகத்தான் தெரியும். குளிர்காலம் முழுவதும் நான் தினமும் அதை வாரி வேலியோரம் கொட்டியிருக்கிறேன். குவியல் வேலிவலையில் சாய்ந்து அந்தப் பக்கம் சரிந்து கிடந்தது. வெயிலுக்காக நாய் படுக்கும் இடம் அதுதான்.

ஒரு நாளின் கறையை வைத்து முடிவு செய்யக்கூடாது என்பதால் சோதித்தேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்று எங்களுக்கு விஞ்ஞானம் நடத்திய சகோதரி சேந்த்-சிரீல் சொல்வார். 20ஆம் தேதி மாலை என் கல்யாண மேசைவிரிப்பைக் காரின் முன்பக்கத்துக்கு அடியில் விரித்து, நான்கு மூலையிலும் ரொட்டித் தட்டு வைத்தேன். வயரைச் செருகவில்லை. இரவுக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 31. காலையில் விரிப்பில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சைக் கறை. கணவரின் சவரக் கண்ணாடியைத் துடைப்பக் கட்டையில் கட்டிக் கீழே நீட்டி டார்ச் அடித்துப் பார்த்தேன். ரேடியேட்டரின் அடியில் ஹோஸ் என்னும் ரப்பர் குழாய் சேரும் இடத்தில், அதை இறுக்கும் கிளாம்ப்புக்குக் கீழே, ஒரு சொட்டு தொங்கியது. என்ஜினை ஓடவிட்டேன். பன்னிரண்டு நிமிடத்தில் சொட்டு நின்றது. கடுங்குளிரில் ரப்பர் சுருங்கி வழிவிடுகிறது, சூடானதும் உப்பி அடைத்துக்கொள்கிறது. சூடான பட்டறையில் அது எப்படிக் கசியும்?

22ஆம் தேதி மாலை விரிப்பைத் துவைத்துக் காயவைத்து அதே இடத்தில் விரித்தேன். இந்தத் தடவை வயரைச் செருக வேண்டியிருந்தது. பின்வாசல் அறைக்குப் போய்க் கொக்கியிலிருந்து சுருளை எடுத்தேன். முனை இறுகியிருந்தது. அவிழ்க்க இருபது நிமிடம் ஆனது. கத்தி உபயோகிக்கவில்லை. இரவுக் குளிர் 30. காலையில் விரிப்பு வெள்ளையாக இருந்தது.

அதன்பிறகு 25ஆம் தேதி ஒவீலா கார்பேயின் பட்டறைக்குப் போனேன். பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்க்கும் ஒப்பந்தம் அவரிடமிருந்து எடுக்கப்பட்டுவிட்டதால் உள்ளே ஒரு வண்டியும் இல்லை. அவர் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வந்து நின்றார். நான், “ஒவீலா, கதவைத் திற. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றேன். அவர் தலையை ஆட்டினார். சாட்சியான என்னிடம் ஒரு வார்த்தையும் பேசக்கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டிருப்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவர் என்னைத் தாண்டி என் காரைப் பார்த்தார். பிறகு குனிந்து அதன் முன்பக்கத்துக்கு அடியில் பார்த்தார். பிறகு கதவில் தொங்கிய பலகையை ‘மூடியிருக்கிறது’ என்ற பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

நேற்று மாலை டேரில் ஃப்ரீசனின் வீட்டுக்குப் போய் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், “நீங்க ஜூனோவுக்குக் கிறிஸ்துமஸுக்கு எலும்பு குடுத்தீங்களே, மதாம்” என்றார்.

மேசைவிரிப்பு, நோட்டு, பில் மூன்றையும் ஒப்படைக்கிறேன். கார் அப்படியே நிற்கிறது, ஹோஸை யாரும் தொடவில்லை, எப்போது வேண்டுமானாலும் வந்து சோதிக்கலாம். பொய் சொன்னதற்காக என் மீது வழக்குப் போடலாம் என்று கான்ஸ்டபிள் மாலனிக் எச்சரித்தார். புரிந்துகொண்டேன்.

ஒரு வேண்டுகோள். நான் ஒவீலா கார்பேயிடம் பேச முடியாது. ஆனால் இந்த வாக்குமூலம் அவருக்கு வாசித்துக் காட்டப்படும் என்று அறிகிறேன். ஆகவே டிசம்பர் 4ஆம் தேதி அவர் என்னிடம் கேட்ட கேள்விக்கான பதிலை இங்கே பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். பதில்: இல்லை, ஒவீலா. நான் செருகவில்லை.

இதில் உள்ளவை அனைத்தும் நான் கண்டது, செய்தது, சொன்னது. எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. இரண்டு இடங்களில் நானே திருத்தி, சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். ஜனவரி 22ஆம் தேதி வாக்குமூலத்தைப் பற்றி நான் இப்படிச் சொல்ல முடியாது. இதைப் பற்றிச் சொல்ல முடியும்: இது முழுவதும் உண்மை.

(ஒப்பம்) ஒதீல் லாவல்லே
27-2-2019, பகல் 12.05
என் முன்னிலையில்: கான்ஸ்டபிள் மாலனிக்