பூலாவ் என்றால் தீவு

ஜீவன்: என் பேரு ஜீவன். வயசு இருபத்து மூணு. இருக்கறது மலேசியா, ஜொகூர், மாசாய்...

அட்ரியன்: அலமாக்! கிளாஸுக்கு அனுப்புற அறிமுகத்த மலாய்ல சொல்லு லா. நீ சொன்னத போன் அப்படியே தமிழ்ல டைப் பண்ணிருச்சு பாரு.

ஜீவன்: தமிழ்லயே நாக்கு ஒட்டிக்குது... இதுல மலாய் வேற.

அட்ரியன்: சரி, அழி. அப்புறம் பாத்துக்கலாம். ஞாயித்துக்கெழம மலாய் கிளாஸ்ல உக்கார வச்சா நீ தூங்குறேன்னுதானே அமண்டா டீச்சர் இந்த விளையாட்டே வச்சாங்க. போன்ல மலாய் வார்த்தை வரும், தேடிப் போய் படம் புடிச்சு குரூப்ல போடணும். கெடாய் ஆச்சு, கடை. பொக்கோ ஆச்சு, மரம்.

ஜீவன்: மரத்தடியில எறும்பு கடிச்சதும் ஆச்சு.

அட்ரியன்: கடைசி வார்த்தை... பூலாவ்.

ஜீவன்: அப்படின்னா?

அட்ரியன்: தீவு. அதுக்குத்தான் மோட்டார் பைக்ல இவ்ளோ தூரம் கொண்டாந்தேன். அந்தா பாரு, தண்ணிக்கு நடுவுல.

ஜீவன்: பச்சையா மெதக்குது... பின்னாடி புகைமூட்டத்துல அடுக்குமாடியா நிக்குதே, அது?

அட்ரியன்: சிங்கப்பூர் லா.

ஜீவன்: இவ்ளோ கிட்டயா... கூப்பிட்டா கேக்கும் போல.

அட்ரியன்: கூப்பிட்டுப் பாரு, போலீஸ் வரும். நில்லு, படத்துல நீயும் வரணும். டீச்சர் ரூல்.

ஜீவன்: நான் வேணாம்டா... வீட்ல பாத்தா?

அட்ரியன்: பாத்தா என்ன? திருடிட்டா ஓடியாந்தே?

ஜீவன்: வீட்ல... நான் அங்கிட்டு வேல பாக்குறேன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க. ஏஜென்ட்டு அப்படிச் சொல்லித்தான் கூட்டியாந்தான். எறங்குனப்பறம்தான் இது மலேசியான்னு எனக்கே தெரியும். அதுக்குள்ள அம்மா, பையன் சிங்கப்பூர்லன்னு தெரு பூரா சொல்லிருச்சு...

அட்ரியன்: சரி லா. இது கிளாஸ் குரூப்புக்குத்தான். சிரி... ம், அனுப்பு.

ஜீவன்: அனுப்பிட்டேன்... ஐயோ.

அட்ரியன்: என்ன?

ஜீவன்: வீட்டு குரூப்புக்குப் போயிருச்சுடா!

அட்ரியன்: அழி, அழி!

ஜீவன்: பாத்துட்டாங்க... தங்கச்சி பிரவீனா பேசி அனுப்பியிருக்கு. இரு, போடுறேன்.

பிரவீனா: அண்ணே, படம் சூப்பரு! அம்மா ஒண்ணு கேக்குது... ஒனக்குப் பின்னாடி, தண்ணிக்கு அங்கிட்டு தெரியறது மலேசியாவா?

அட்ரியன்: ஆமான்னு சொல்லு! ஒரே வார்த்தை. தப்பிச்சே நீ.

ஜீவன்: ஒரு நிமிஷம் நெசமாவே அங்க நின்ன மாதிரி இருந்துச்சுடா... அந்தக் கரையில நின்னு இங்கிட்டு பாக்குற மாதிரி. அம்மா கண்ணுக்கு அப்படித்தானே தெரியுது...

அட்ரியன்: டேய், டைப் பண்ற மைக்க அமுக்கிட்டியா? என்ன சொல்லப் போற?

ஜீவன்: அம்மா... அது சிங்கப்பூரு. நான் நிக்கிறதுதான் மலேசியா. வந்ததுலேருந்து இங்கதான் இருக்கேன். வேல இருக்கு, சோறு இருக்கு, பயப்படாத... இதப் படிக்கிறவங்க யாரா இருந்தாலும், அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, உக்கார வச்சு மெதுவாப் படிச்சுக் காட்டுங்க.